காணாமல் போகாத ஏழாவது ரீல்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அனந்தபத்மநாபன் சார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிச்சுமணி சாரின் துணைவியார் ஸ்யாமளா அம்மா அவர்களே, அவர்களுடைய மகள் ஸ்ரீஜா அவர்களே, வேலை நாளில் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் செல்லூர்ப் பெருமக்களே, நம்முடைய ரசிகர் மன்றத்துத் தம்பிமார்களே! எல்லோருக்கும் ராஜபாண்டியின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. இருபத்தைந்து வருஷமாக இந்தத் தறிக்கூடத்தில் பேசுகிற வேலை பிச்சுமணி சாருடையது. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. இன்றைக்கு அவர் படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் கொஞ்சம் கோபமாகத்தான் பேசுவேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கோபத்துக்குக் காரணம் அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோமே, அந்தத் தகர டப்பா.

டப்பாவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நோட்டீஸில் ‘பழம்பட வித்தகர் திரு. பிச்சுமணி அவர்கள்’ என்று அச்சடித்திருக்கிறது. அனந்தபத்மநாபன் சார் யோசித்துக் கொடுத்த பட்டம். நல்ல பட்டம்தான். ஆனால் வித்தகர் வீடு எது என்று செல்லூரில் போய்க் கேட்டால் யாருக்குத் தெரியும்? பூதம் சார் என்று கேளுங்கள், கைக்குழந்தை கூட வழி காட்டும். பூதப்படம் போடுகிற சார், அதனால் பூதம் சார். அந்தப் பேரை அவர் லெட்டர் பேடிலேயே அடித்து வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பல்கலைக்கழகத்தில் பாடப்படம் ஓட்டுகிற பிரிவில் டெக்னீஷியன். வீடு நாகமலை புதுக்கோட்டை. பல்கலைக்கழகத்தில் உதவாது என்று கண்டம் செய்து ஏலம் விட்ட பழைய புரொஜெக்டரை எடுத்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டி, ஓட வைத்தவர். எதற்காக? பூதம் பார்க்க. கடலுக்குள்ளிருந்து வருகிற பூதம், பனிக்கட்டிக்குள்ளிருந்து வருகிற பூதம், விண்கல்லோடு விழுகிற பூதம்! அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்தப் படச்சுருள் எந்த ஊரில், எந்தப் பழைய சாமான் கடையில் கிடந்தாலும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

ஒரு தடவை பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனவர், எலுமிச்சம்பழக் கடைக்காரர் பழம் அடுக்கி வைத்திருந்த வட்டத் தகரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அது ஃபிலிம் டப்பாவின் மூடி. மூடி இங்கே இருந்தால் டப்பா எங்கே, டப்பாவில் இருந்த படம் எங்கே என்று நாலு மாதம் அந்த ஆள் பின்னாலேயே அலைந்து கடைசியில் ஒரு கார்ட்டூன் படத்தைக் கொண்டுவந்தார். எட்டு நிமிஷம். ஒரு தபால்காரரும் ஒரு கழுதையும். பேச்சே கிடையாது. நம்ம பெயர் தெரியாத ஆள் இந்த ஊரில் இருக்கலாம், அந்தக் கழுதையைத் தெரியாத ஆள் இருக்கிறாரா? அன்றைக்கு அவர் வாங்கப் போன காய்கறி வீட்டுக்கு வரவே இல்லை என்று ஸ்யாமளா அம்மா இப்போதும் சொல்வார்கள்.

அந்தக் கழுதை காதை ஒரு தடவை ஆட்டுவதற்குப் பன்னிரண்டு படம் வரைந்திருக்கிறான் என்று எண்ணிச் சொன்னார் சார். ஒவ்வொன்றும் ஒரு மனிதன் கையால் வரைந்தது. நம்ம ஆட்கள் அதைக் கேட்டு அசந்து போனார்கள். ஏன்? அங்குலத்துக்கு இத்தனை இழை என்று எண்ணி நெய்கிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கின் அருமை தெரியும். வெளியூரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள் ராஜபாண்டி, இங்கேதான் வாயைப் பிளக்கிறார்கள் என்று அன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நாங்கள் இரண்டு பேரும் பழகியதே சண்டையில்தான். இரண்டாயிரமாவது வருஷம், பங்குனி மாதம். திரை கட்டத் துணி வேண்டும், எட்டடி உயரம், பத்தடி நீளம், ஒட்டுப் போடாத வெள்ளைத் துணி என்று கேட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்த அகலத்துக்கு நெய்கிற தறி இந்தத் தெருவில் கிடையாது, நாலடிதான் வரும் என்றேன். படிச்ச மனுஷனுக்கு இதுகூடத் தெரியாதா என்றும் சேர்த்துச் சொன்னேன். நான் அப்படித்தான். அவர் கோபப்படவில்லை. அப்ப ரெண்டு துண்டா நெய்ஞ்சு நடுவுல மூட்டிக்கலாமா என்றார். அந்தத் தையல்தான் இன்றைக்கும் நம் திரைக்குக் குறுக்கே ஓடுகிறது. எவ்வளவு பெரிய பூதம் வந்தாலும் இடுப்பில் அரைஞாண் கட்டிக்கொண்டுதான் வரும்.

துணி கேட்டு வந்தவர், போகும்போது இந்தத் தறிக்கூடத்தையும் கேட்டார். பூட்டிக் கிடக்கிறதே, ஒரு நாளைக்குப் படம் போடத் தருவீர்களா என்றார். ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தெருக்காரர்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு மூன்று மாதம் முன்னால் மார்கழியில், இந்த இடத்தில், மூன்றாவது தறியில் வேலை செய்த சோணை கரண்ட் அடித்து இறந்துபோனான். ஸ்விட்ச் பெட்டியின் மூடி உடைந்திருக்கிறது என்று முதல் நாள் சாயங்காலமே என்னிடம் சொன்னான். நாளைக்கு மாத்திக்கலாம் என்றவன் நான். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நாளைக்கு மாத்திக்கலாம் என்றேன், மறுநாள் காலையில் அவன் இல்லை. தறிக்கூடத்தைப் பூட்டினேன். நாலு மாதம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. சோணையின் மனைவி ஒச்சாயி இருக்கிற சந்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சாவியைக் கேட்டதும் ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொடுத்தேன்.

படம் என்றைக்குப் போடுவது? செல்லூரில் தறி ஓடுகிற நாளில் படம் போட்டால் பூதம் கத்துவது அதன் காதுக்கே கேட்காது. சார் பேப்பரில் முதலில் பார்க்கிற பகுதி எது தெரியுமா? மாதாந்திர மின்தடை அறிவிப்பு! ஷட்டவுன் நாளில்தான் ஊர் அமைதியாக இருக்கும், ஆட்களுக்கும் வேலை இருக்காது. ஆக, கரண்ட் இல்லாத நாளாகப் பார்த்து சினிமா போட்ட ஒரே மனிதர் உலகத்திலேயே நம்ம பிச்சுமணி சார்தான். சித்திரை மாதத்து ஷட்டவுன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புப் போர்வை, ஃபேன் கிடையாது, உள்ளே வெந்து போகிற வெக்கை. தறிக்கு இடையிலும் நூல் மூட்டை மேலும் நாற்பது பேர். வெளியே ஒரு சின்ன ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் நான். உள்ளே வர எனக்கு மனசில்லை. வாசல் வழியாகத்தான் பார்த்தேன்.

முதல் ரீலின் ஆரம்பம் அறுந்து போயிருந்ததால் அந்தப் படத்துக்குப் பேர் கிடையாது. கடலுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூதம், எழுப்பி விட்டதால் வழி தெரியாமல் ஊருக்குள் வந்துவிடுகிறது. ஒருத்தரையும் அது தொடவில்லை. இரண்டாவது ரீலிலேயே நம்ம சனங்கள் அதற்குப் பெரியவர் என்று பேர் வைத்துவிட்டார்கள். பெரியவரு பாவம், பெரியவருக்கு வழிய விடுங்கடா என்று ஒரே சத்தம். சார் என்ன செய்தார்? நடுவில் படத்தை நிறுத்தி, பெரியவர் முதுகைக் குச்சியால் காட்டினார். அங்கே ஒரு ஜிப் தெரிகிறது. இது ரப்பர் சட்டை, உள்ளே ஒரு மனுஷன் வேர்த்து ஊத்தி நடந்துக்கிட்டிருக்கான், அவனுக்காகப் பாருங்க என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்த ஜிப்பை மறைத்திருப்பார்கள். சார் அதைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

அந்தப் பெரியவருக்கு நம்ம தம்பிமார்கள் ரசிகர் மன்றம் தொடங்கியதும், பத்தாம் ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் வைத்து மாலை போட்டதும் உங்களுக்கெல்லாம் தெரியும். பாலத்துப் பக்கம் நின்ற போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, இவர் எந்தக் கட்சி என்று கேட்டார். சுயேச்சை சார் என்றார் பிச்சுமணி சார். முகத்தில் ஒரு சிரிப்பு வேண்டுமே! கிடையாது. போலீஸ்காரரும் எழுதிக்கொண்டு போனார்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன்.

அந்த முதல் நாள், ஆறாவது ரீல் ஓடும்போது ஜெனரேட்டரில் பெட்ரோல் தீரப் போகிறது என்று கேனைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் கோரிப்பாளையம் ஓடினேன். பங்க்கில் வரிசை. திரும்பி வருவதற்குள் கரண்டும் வந்துவிட்டது, படமும் முடிந்துவிட்டது. ஏழாவது ரீல் இல்லை ராஜபாண்டி, டப்பா காலி என்றார் சார். முதல் டப்பாவிலேயே ‘ஏழில் ஒன்று’ என்று எழுதியிருக்கிறது. ஆறுதான் இருக்கிறது, முடிவு இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆனால் முடிவை சார் வாயால் சொன்னார். அடுத்த வருஷமும் சொன்னார். வருஷா வருஷம் சித்திரை ஷட்டவுனுக்குப் பெரியவர் படம்தான் என்று ஆனது. ஆறு ரீல் ஓடி முடிந்ததும் படச்சுருள் இல்லாமல் வெறும் வெளிச்சத்தைத் திரையில் விட்டு, அதற்கு முன்னால் வந்து நின்று சொல்வார். பெரியவர் ஒரு தடவை ஊரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கடலுக்குள் இறங்கினார். தண்ணி இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது, தலைக்கு மேல போயிருச்சு. அம்புட்டுத்தான். இதைக் கேட்டு நீங்கள் எல்லோரும் கை தட்டுவீர்கள். நானும் தட்டுவேன்.

தட்டிவிட்டுச் சும்மா இருந்தேனா? அந்த ஏழாவது ரீலைக் கண்டுபிடித்து இவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தவன் மாதிரி அலைந்தேன். கல்கத்தா, பம்பாய், புனா என்று எந்த ஊரில் படச் சங்கம் இருந்தாலும் கடிதம் போட்டேன். பெயர் தெரியாத படம், ஏழாவது ரீல் மட்டும் வேண்டும் என்று எழுதினால் யார் பதில் போடுவார்கள்? ஒரே ஒருத்தர் போட்டார். ஐயா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதங்களுக்கெல்லாம் என் இங்கிலீஷைத் திருத்தி, கவரில் போட்டு, தபாலில் சேர்த்தது யார்? பிச்சுமணி சார்!

போன மாதம் சார் தவறினார். காரியமெல்லாம் முடிந்து ஸ்ரீஜா அவர் பீரோவை ஒழித்தபோது, துணிமணிக்கு அடியில் இந்த டப்பா இருந்திருக்கிறது. ‘ஏழில் ஏழு’. உள்ளே ரீல் சுத்தமாக, கற்பூரம் போட்டு வைத்த வாசனையோடு இருக்கிறது. மூடியின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, அவர் கையெழுத்தில் ஒரு வரி. ‘ராஜபாண்டி இருக்கும்போது போடக் கூடாது.’

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்கள். இருபத்தைந்து வருஷம் கூட இருந்தவன். ஜெனரேட்டர் புகையைக் குடித்தவன். ஊரில் எல்லோரும் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்கக் கூடாதா? மனுஷன் உயிரோடு இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்க வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஆத்திரத்தில் அவர் படத்தைக் கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அஞ்சலியாக அந்த ஏழாவது ரீலைத் திரையிடலாம் என்று தலைவர் சொன்னார். தம்பிமார்களும் ஆசைப்படுகிறார்கள். புரொஜெக்டர் அதோ தயாராக இருக்கிறது. போடுவதா, வேண்டாமா, முடிவை நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடம் விட்டிருக்கிறார்கள். நேற்றுக் காலை வரைக்கும் போட்டே தீருவது என்றுதான் இருந்தேன். முதல் நாள் இருந்தவர்களில் யாரிடமாவது கேட்டுவிடலாம் என்று ஒச்சாயியிடம் போனேன். சோணை போன பிறகு இதே கூடத்தில் ராட்டையில் நூல் தார் சுற்றுகிற வேலைக்கு வந்து, இன்றைக்கு வரைக்கும் இருக்கிறது அந்தத் தங்கச்சி. சீட்டைக் காட்டிப் படித்துச் சொன்னேன். ஒச்சாயி ராட்டையை நிறுத்தியது. அப்புறம், அது பூதம் சார் எழுதினது, ஆனா சொன்னது நான் என்றது.

நான் பெட்ரோலுக்குப் போயிருந்தபோது, அஞ்சு மணிக்கு வர வேண்டிய கரண்ட் மூன்று மணிக்கே வந்துவிட்டது. சார் புரொஜெக்டரை அதில் மாட்டி ஏழாவது ரீலையும் ஓட்டியிருக்கிறார். நாற்பது பேரும் பார்த்திருக்கிறார்கள். அதில் பெரியவரை மின்சாரக் கம்பிக்குள் விரட்டி, கரண்டை விட்டுக் கொன்றுவிடுகிறார்கள். இந்தக் கூடத்தில், அந்தச் சுவரில், மூன்றாவது தறிக்கு எதிரே.

சாருக்கு அந்தப் படம் மனப்பாடம். ஆனால் சோணையைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஒருத்தரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பயந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே லைட்டைப் போட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்து, ஒச்சாயி முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். ஒச்சாயி அவரிடம் ஒன்றுதான் கேட்டிருக்கிறது. அண்ணன் வரதுக்குள்ள இதைக் கட்டி உள்ள வைங்க சார், அண்ணன் இதைப் பாக்கக் கூடாது.

ஏன்மா அப்படிச் சொன்ன என்று கேட்டேன். அது சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“நாலு மாசமா நீங்க வெளிய வரலண்ணே. அன்னைக்குத்தான் கேனைத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல ஓடுனீங்க. ஓடுறதப் பாத்தப்ப பழைய அண்ணன் மாதிரி இருந்துச்சு. இதையும் பாத்தா திரும்ப உள்ள போய்ப் படுத்துருவீங்க. என் வீட்டுக்காரரு போனது போயிட்டாரு. இன்னொரு ஆளு எதுக்குண்ணே போகணும்?”

அந்த நாளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் கேனோடு திரும்பி வந்தபோது தெரு முழுக்கத் தறிச் சத்தம். செல்லூரில் கரண்ட் வந்தால் சாப்பிடுகிற சோற்றை விட்டுவிட்டுத் தறிக்கு ஓடுவோமே, இந்தக் கூடத்தில் இருந்த நாற்பது பேரில் ஒருத்தர் கூட எழுந்து போகவில்லை. ஒச்சாயி சேலைத் தலைப்பால் முகத்தை மூடி மூலையில் உட்கார்ந்திருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? படத்துக்கு முடிவு இல்லையே என்ற வருத்தம் என்று நினைத்தேன்! அதற்காகத்தானய்யா இத்தனை வருஷம் கடிதம் எழுதினேன்.

நாற்பது பேர். அதில் பாதிப் பேர் இப்போது என் எதிரில் இருக்கிறீர்கள். காலையில் ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிகிற இடம் இது. உங்களில் ஒருத்தருக்கும் வாய் தவறவில்லையே! வருஷா வருஷம் அந்தக் கடல் கதையை எனக்காகவா உட்கார்ந்து கேட்டீர்கள்? எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றா அப்படிக் கை தட்டினீர்கள்? உங்களுக்கு நான் என்ன சொல்வது. நன்றி என்று சொன்னால் போதாது.

நேற்று மத்தியானம் ரீலை எடுத்துக்கொண்டு, தனியாகப் பார்த்துவிடலாம் என்று இங்கே கிளம்பினேன். தனியாப் பாக்க வேணாம், நானும் வாரேன் என்று ஒச்சாயியும் கூடவே வந்துவிட்டது. ஸ்ரீஜாதான் புரொஜெக்டரை ஓட்டியது. மூன்று பேரும் பார்த்தோம். கம்பியில் அந்த உருவம் துடிப்பதைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. என் கையை ஒச்சாயி பிடித்துக்கொண்டது. பெரியவர் குப்புற விழுந்தார். விழுந்ததும் முதுகில் அந்த ஜிப் தெரிந்தது.

“உள்ள இருந்த ஆளு அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பான்லண்ணே” என்று ஒச்சாயி கேட்டது.

போயிருப்பான்மா என்றேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். சோணை செத்த அன்றைக்குக் கூட நான் அழவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

தலைவர் அவர்களே, முடிவு கேட்டீர்கள். ஏழாவது ரீல் இன்றைக்கு ஓடாது. தம்பிமார்கள் மன்னிக்க வேண்டும். டப்பாவை ஸ்ரீஜாவிடமே கொடுத்துவிடுகிறேன். அது இருந்த இடத்திலேயே, அப்பாவின் துணிமணிக்கு அடியிலேயே இருக்கட்டும். சீட்டை மட்டும் நான் கிழித்து எடுத்துக்கொண்டேன்.

பிச்சுமணி சார், உங்கள் படத்தை இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். நீங்கள் ஓட்டி வந்த வேலை நிற்காது. இது உங்கள் மீது ஆணை. கழுதைப் படம் ஓடும், பனிக்கட்டிப் பூதம் ஓடும், பேப்பரில் மின்தடை அறிவிப்பை இனி நான் பார்ப்பேன். வருகிற சித்திரை ஷட்டவுனுக்கு இதே கூடத்தில், இதே தையல் போட்ட திரையில், பெரியவர் வருவார். ஜெனரேட்டரை ஸ்ரீஜா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. ஆறு ரீல் முடிந்ததும் வெறும் வெளிச்சத்தில் நான் எழுந்து நிற்பேன்.

எனக்கு உங்களைப் போலச் சொல்ல வராது. இப்போது ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கெல்லாம் முடிவு தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் நீங்கள் எனக்காக எத்தனையோ வருஷம் கேட்டீர்களே, இன்னும் ஒரு தடவை கேளுங்கள்.

பெரியவர் ஒரு தடவை ஊரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கடலுக்குள் இறங்கினார். தண்ணி இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. தலைக்கு மேல போயிருச்சு.

அம்புட்டுத்தான்.